மூளைக்கும் ஒரு சுங்கச் சாவடி!

ஆனைமலையின் அடிவாரத்திலே, அமராவதி அணையின் மடியிலே இருக்கிறது அமராவதி நகர். 1962 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சைனிக் பள்ளியின் பிள்ளைகள் காலையிலே அங்கே அணிவகுத்து நடக்கிறார்கள். அதே வேளையிலே, தூக்குச் சட்டியோடு உடுமலை நூல் மில்லுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பஸ் ஏறுகிறார்கள் பாட்டாளித் தோழர்கள். ஒரே ஊர், ஒரே காலை, இரண்டு பயணங்கள்.

அந்த ஊர்த் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மைத் தேடி வந்தார். முப்பது ஆண்டுகளாக மில்லிலே நூல் நூற்றவர். அவருடைய மகள் கோவையிலே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். கார்பன் இழையைக் கொண்டு, எஃகைவிட எடை குறைந்த, உறுதி மிகுந்த துணி நெய்வது பற்றிய ஆராய்ச்சி. ஜெர்மனியிலே நடக்கும் மாநாட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வீட்டிலே மகிழ்ச்சி, தெருவிலே பெருமை. ஆனால் கல்லூரியிலே ஒரு படிவத்தை நீட்டி, "மடிக்கணினியிலே என்னென்ன இருக்கிறது, கையிலே என்ன மாதிரித் துணி கொண்டு போகிறாய், யாரிடம் காட்டப் போகிறாய், எல்லாவற்றையும் எழுதிக் கொடு" என்று கேட்டிருக்கிறார்கள்.

தோழர் நம்மிடம் கேட்டார்: "ஏனுங்க தோழர், துணியை ஏத்தி அனுப்பறதுக்கு லைசென்சு கேப்பாங்கன்னு தெரியும். படிச்ச படிப்புக்குமாங்க லைசென்சு? எம் பொண்ணு மண்டைக்குள்ள இருக்கறதையுமா சுங்கத்துல திறந்து பாப்பாங்க?"

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வியல்ல அது. நாளைக்கு நம் வீடுகளிலிருந்து நூறு பிள்ளைகள் ஆராய்ச்சிக்கென்று கடல் கடந்து போகப் போகிறார்கள். அவர்களுக்காக இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

பனியன் போகலாம், பின்னும் வித்தை?

திருப்பூர்த் தோழனுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்றால் என்னவென்று நாம் பாடம் சொல்லத் தேவையில்லை. 1974 முதல் 2004 ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை, "இந்த நாட்டுக்கு இத்தனை உருப்படிதான்" என்று கோட்டா போட்டு மேலைநாடுகள் நம் துணியை அளந்து வாங்கிய காலத்தை அவன் பார்த்தவன். 2012 மார்ச் 5 ஆம் நாள் பருத்தி ஏற்றுமதிக்கு டில்லி சர்க்கார் திடீரென்று தடை போட்டதையும் பார்த்தவன். அவையெல்லாம் சரக்கைப் பற்றிய கட்டுப்பாடு. மூட்டை கட்டலாம்; எடை போடலாம்; எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது நாம் பேசுவது வேறொன்று. இது அறிவைப் பற்றிய கட்டுப்பாடு. வரைபடம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஏற்றுமதி. மடிக்கணினியிலே வைத்து விமானத்தில் ஏறினாலும் ஏற்றுமதி. வெளிநாட்டு நண்பருக்கு, எந்திரத்தை எப்படி இயக்குவது என்று தொலைபேசியிலே சொல்லிக் கொடுத்தாலும் அதுவும் ஏற்றுமதியாகலாம். கப்பல் வேண்டாம், மூட்டை வேண்டாம், தூத்துக்குடித் துறைமுகம் வேண்டாம். நாக்கு அசைந்தால் போதும்!

எல்லா அறிவுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. நல்லதற்கும் பயன்பட்டு, நாசத்துக்கும் பயன்படக்கூடிய பொருளுக்கும் வித்தைக்குமே உண்டு. நோய்க்கு மருந்து செய்யும் இரசாயனமே விஷவாயுவும் ஆகும். வானிலை பார்க்கும் ராக்கெட்டை விடும் வித்தையே குண்டு சுமக்கும் ஏவுகணைக்கும் ஆகும்.

துணிக்கு இதிலே என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், வியப்பீர்கள். ஏவுகணை வித்தை பரவாமல் தடுக்கவென்று 1987 இல் ஏழு பணக்கார நாடுகள் கூடி ஏற்படுத்திய கட்டுப்பாட்டு ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் பட்டியலிலே ராக்கெட்டுக்கும் எரிபொருளுக்கும் பக்கத்திலேயே தறிக்கும் இடமிருக்கிறது! பல திசைகளில் இழையை ஓட்டி முப்பரிமாணமாக நெய்யும் எந்திரம், இழையைச் சுற்றிச் சுற்றிக் குழாய் வடிவாக்கும் எந்திரம், இவையெல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. சாதாரணத் தறிக்கு அதிலே விலக்கு உண்டு. ராக்கெட்டின் உடலைச் செய்யும்படி மாற்றியமைத்த தறிக்கு விலக்கில்லை. இந்தியாவின் பட்டியலும் அந்தப் பட்டியலை ஒட்டியே அமைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே நம் தோழரின் மகளிடம் படிவம் நீட்டியவர் பைத்தியக்காரரல்ல. அவள் எடுத்துக்கொண்ட இழை, ஆடைக்கும் ஆயுதத்துக்கும் நடுவிலே ஓடுகிற இழை.

இது இன்றைய கதையா?

இல்லை, தோழர்களே! முந்நூறு ஆண்டுக் கதை. அதிலும் நம் பனியன் தொழிலோடு பிறந்த கதை.

1589 இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் எந்திரத்தைக் கண்டுபிடித்தார். கையால் பின்னிக் கஞ்சி குடிப்பவர்களின் பிழைப்புப் போய்விடும் என்று எலிசபெத் ராணி அதற்குக் காப்புரிமை தர மறுத்தார் என்பார்கள். லீ பிரான்சுக்குப் போனார். அன்று வேண்டாம் என்று ஒதுக்கிய அதே இங்கிலாந்து, நூறாண்டு கழித்து என்ன செய்தது தெரியுமா? காலுறையும் கையுறையும் பின்னும் எந்திரத்தை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1696 இல் சட்டம் போட்டது. அனுப்பினால் எந்திரம் பறிமுதல். அத்தோடு 40 பவுன் அபராதம். அதிலே பாதி அரசருக்கு, பாதி காட்டிக் கொடுத்தவனுக்கு!

இன்று திருப்பூர்த் தெருவுக்குத் தெரு ஓடுகிறதே பின்னல் எந்திரம், அதன் மூதாதை ஒரு காலத்திலே நாடு கடக்கக் கூடாத இரகசியப் பொருள்!

அதோடு நின்றதா? தொழிலாளியின் கையையும் கட்டினார்கள். கைவினைஞனை வெளிநாட்டு வேலைக்கு ஆசை காட்டி அழைப்பவனுக்கு 100 பவுன் அபராதமும் மூன்று மாதச் சிறையும் என்று முதலாம் ஜார்ஜ் காலத்திலே சட்டம் வந்தது. வெளிநாட்டிலே தொழில் செய்யும் கைவினைஞன், திரும்பி வா என்று எச்சரித்து ஆறு மாதத்துக்குள் வராவிட்டால், பரம்பரைச் சொத்துக்கும் உரிமையற்றவன். 1774 இல் பருத்தித் தொழில் கருவிகளுக்கும் தடை. ஆடம் ஸ்மித் என்ற பொருளாதார அறிஞரே இந்தச் சட்டங்களை வரிசையாக எடுத்துக் காட்டி, இங்கிலாந்து பெருமை பேசும் சுதந்திரத்துக்கு இது அடுக்குமா என்று கேட்டார்.

வேலி நின்றதா? 1789 இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர், நூற்பாலையிலே பயிற்சி பெற்றவர், தொழிலை வெளியே காட்டிக்கொள்ளாமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கையிலே ஒரு வரைபடம் இல்லை, ஒரு சக்கரம் இல்லை. நூற்பு எந்திரம் முழுவதும் தலைக்குள்ளே இருந்தது! 1790 இல் பாடக்கெட் என்ற ஊரிலே அந்த எந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவிலே அவர் தொழிலின் தந்தை, இங்கிலாந்திலே துரோகி. எந்த அமெரிக்கா இன்று மற்றவனின் மடிக்கணினியைத் திறந்து பார்க்கிறதோ, அந்த அமெரிக்காவின் ஆலைத் தொழில் எழுந்தது, இங்கிலாந்தின் தடையைத் தாண்டி வந்த ஒரு தொழிலாளியின் மூளையிலே!

கைவினைஞர் மீதிருந்த தடையை 1824 இலும், எந்திரங்கள் மீதிருந்த தடையை 1843 இலும் இங்கிலாந்து எடுத்துவிட்டது. எந்திரம் செய்து விற்பவர்களுக்கு அப்போது உலகச் சந்தை தேவைப்பட்டது. ஏணியிலே ஏறுகிறவரை ஏணி ஊருக்குப் பொது. ஏறியபின் ஏணி என் சொத்து. விற்றால் இலாபம் என்று தெரிந்தால் மறுபடி ஏணி பொது. வல்லவன் வகுத்த வாய்க்கால் இப்படித்தான் ஓடும்.

நம் முதுகிலே விழுந்த அடி

அந்த அடி நமக்கும் விழுந்திருக்கிறது. 1991 இல் இந்திய விண்வெளி நிறுவனம், சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. கடுங்குளிரிலே திரவமாக்கிய எரிபொருளால் இயங்கும் கிரையோஜெனிக் எந்திரங்களும், அவற்றைச் செய்யும் வித்தையும் நமக்கு வரவேண்டும். அமெரிக்கா குறுக்கே வந்தது. 1992 மே மாதத்திலே இரு நிறுவனங்கள் மீதும் இரண்டாண்டுத் தடை விதித்தது. 1993 இல் ரஷ்யா பின்வாங்கியது. எந்திரம் தருகிறோம், வித்தை தரமாட்டோம் என்றது.

நாம் என்ன செய்தோம்? நெல்லைச் சீமை மகேந்திரகிரியிலே எரித்தோம், தோற்றோம், மறுபடி எரித்தோம். 2010 ஏப்ரலிலே நம் எந்திரம் முதல் பயணத்திலே தோற்றது. 2014 ஜனவரி 5 ஆம் நாள் வென்றது. இரண்டு தலைமுறைத் தொழிலாளரும் விஞ்ஞானிகளும் கொடுத்த விலை அது.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அந்த ஆண்டிலேயே அமெரிக்கா ஏறத்தாழ 200 இந்திய நிறுவனங்களைத் தடைப் பட்டியலிலே எழுதியது. சென்னையிலே பிறந்த அணு விஞ்ஞானி ஆர். சிதம்பரத்துக்கு அமெரிக்கா செல்ல விசா மறுக்கப்பட்டது. விண்வெளி நிறுவனத்தின் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க 2011 ஆயிற்று. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் பெயரை எடுக்க 2025 ஜனவரி ஆயிற்று.

இவை அயலான் அடித்த அடி. நம்மவரே அடித்த அடி ஒன்றும் உண்டு. அதுதான் நெஞ்சை அறுப்பது.

நாகர்கோவிலிலே பிறந்து, மதுரையிலே பொறியியல் படித்து, அந்தக் கிரையோஜெனிக் திட்டத்துக்கே பொறுப்பேற்றிருந்தவர் நம்பி நாராயணன். ராக்கெட் இரகசியங்களை அயல்நாட்டாருக்கு விற்றார் என்று பழி சுமத்தி 1994 நவம்பர் 30 ஆம் நாள் கேரளப் போலீசு அவரைக் கைது செய்தது. ஐம்பது நாள் சிறை. வீட்டின் முன்னே கூச்சல். ஏட்டின் முதல் பக்கத்திலே கொட்டை எழுத்து. 1996 இல் மத்தியப் புலனாய்வுத் துறை, குற்றச்சாட்டு பொய் என்றது. 1998 இல் உச்ச நீதிமன்றம் மறு விசாரணைக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. 2018 செப்டம்பர் 14 ஆம் நாள், அவர் அநியாயமாகக் கைது செய்யப்பட்டார் என்று கூறி 50 இலட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2019 இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். இருபத்து நான்கு ஆண்டு இளமையை யார் கொடுப்பார்கள்?

தோழர்களே, இதை இங்கே ஏன் சொல்கிறோம்? எது இரகசியம், எது இல்லை, யாரிடம் எதைக் கொடுக்கலாம் என்பது எழுத்திலே தெளிவாக இல்லாத இடத்தில், வதந்தியே சட்டமாகிவிடும். பெரிய பதவியிலிருந்த விஞ்ஞானிக்கே அந்தக் கதி என்றால், மில் தொழிலாளியின் மகளுக்கு என்ன கதி?

வேலிக்கு உள்ளே வந்துவிட்டோம்

இன்னொரு செய்தியையும் மறைக்கக் கூடாது. நேற்று வேலிக்கு வெளியே நின்று கல்லடி பட்ட இந்தியா, இன்று வேலிக்கு உள்ளே இருக்கிறது. முன்சொன்ன ஏவுகணைக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டிலே 2016 ஜூன் மாதம் இந்தியா உறுப்பினரானது. 2017 டிசம்பரிலே வாசனார் ஏற்பாடு. 2018 ஜனவரியிலே ஆஸ்திரேலியக் குழு. நமக்கென்று சட்டமும் இருக்கிறது. 1992 இன் அந்நிய வர்த்தகச் சட்டத்தை 2010 இல் திருத்தி இதற்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். 2005 இல் பேரழிவு ஆயுதங்களைப் பற்றிய தனிச் சட்டம் வந்தது. கட்டுப்பாட்டுக்குரிய இரசாயனங்கள், உயிரிகள், பொருள்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் அடங்கிய பட்டியலுக்கு 'ஸ்கோமெட்' என்று பெயர். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் அனுமதி தரவேண்டும். பல அமைச்சகங்கள் சேர்ந்த குழு டில்லியிலே கூடி விண்ணப்பத்தை ஆராயும்.

கட்டுப்பாடே கூடாது என்கிறோமா? இல்லை. ஈரானோடு நடந்த போரிலே ஈராக் விஷவாயு வீசி மக்கள் மடிந்ததைக் கண்டபிறகுதான் 1985 இல் ஆஸ்திரேலியக் குழு பிறந்தது. கொலைகாரன் கையிலே கருவி சேரக் கூடாது என்பதிலே பாட்டாளிக்கு மாற்றுக் கருத்து இருக்க முடியாது. குண்டு விழுந்தால் முதலிலே இடிவது குடிசைதான். சட்டத்தை மதிக்க வேண்டும். ஆனால் மதிக்க வேண்டுமானால் முதலிலே தெரிய வேண்டும்!

தெரிந்தும் மதிக்காதவருக்கு நேர்ந்ததையும் பார்ப்போம். அமெரிக்காவிலே டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத். எழுபது வயதைத் தாண்டியவர். ஆளில்லா விமானத்துக்காக விமானப் படை பணம் கொடுத்த ஆராய்ச்சி. அதன் தகவல்களோடு 2006 இல் சீனாவுக்கு விரிவுரை ஆற்றப் போனார். சீன, ஈரானிய மாணவர்களை அந்த வேலையிலே சேர்த்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அதிகாரி முன்னதாகவே எச்சரித்திருந்தார். 2008 இல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2009 இல் நான்காண்டுச் சிறைத் தண்டனை.

இதிலே இரண்டு பாடங்கள். விரிவுரைப் பயணமும் வழக்காகலாம் என்பது ஒன்று. எச்சரிக்கவென்றே அந்தப் பல்கலைக்கழகத்திலே ஓர் அதிகாரி இருந்தார் என்பது மற்றொன்று. நம் ஊர்க் கல்லூரிகளைக் கேட்கிறோம்: உங்களிடம் அப்படி ஒருவர் இருக்கிறாரா?

மகளுக்குச் சொல்ல வேண்டியவை

அமராவதி நகர்த் தோழருக்கு நாம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

முதலாவது, அஞ்ச வேண்டாம். அச்சிலே வந்து ஊரறிந்த தகவல் இந்தச் சட்டத்தின் பிடியிலே இல்லை. பாடப்புத்தகத்திலே உள்ளதை, வெளியான கட்டுரையிலே உள்ளதை உலகெங்கும் பேசலாம். சிக்கல் இருப்பது, பட்டியலிலே உள்ள பொருளைப் பற்றிய, இன்னும் வெளிவராத நுட்பத்திலே: இழையை எந்தச் சூட்டிலே காய்ச்சுவது, எந்தக் கோணத்திலே ஓட்டுவது, எந்திரத்தை எப்படி மாற்றுவது என்பன போன்றவை.

இரண்டாவது, டிக்கெட் வாங்குமுன் கேள்வி கேட்க வேண்டும். "என் ஆராய்ச்சி பட்டியலிலே உண்டா, இல்லையா?" என்று கல்லூரியைக் கேட்டு, பதிலை எழுத்திலே வாங்க வேண்டும். வாய்ச்சொல் காற்றோடு போகும். தாள்தான் பின்னாலே பேசும்.

மூன்றாவது, மூட்டையைக் குறைக்க வேண்டும். மாநாட்டிலே பேசப்போகும் கட்டுரையும் படமும் மட்டும் மடிக்கணினியிலே இருந்தால் போதும். ஐந்தாண்டுக் கணக்கையும் சுமந்துகொண்டு போவானேன்? கையகல மாதிரித் துணியும் பொருள்தான். அதையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இங்கே வைத்துவிட்டுப் போய், அங்கேயிருந்து இணையத்திலே திறந்து அந்நியருக்குக் காட்டினால் அதுவும் கொடுத்ததாகவே கருதப்படலாம்.

நான்காவது, யார் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். மாநாட்டிலே கேள்வி கேட்பவர் அறிஞர். மாநாடு முடிந்து விருந்துக்கு அழைத்து, வெளியிடாத கணக்கைக் கேட்பவர் யார்? அவருக்கு எதற்கு? தெரியாவிட்டால், "ஊருக்குப் போய்ச் சொல்கிறேன்" என்பதே நல்ல விடை.

நாம் கேட்பவை

மகளுக்குக் கடமை சொன்னோம். சர்க்காருக்கும் நிர்வாகத்துக்கும் கடமையில்லையா?

ஆராய்ச்சி நடக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்று பொறுப்பான ஓர் அலுவலர் வேண்டும். பட்டியலின் சாரம் எளிய தமிழிலே கையேடாக வரவேண்டும். ஆங்கிலச் சட்ட நடையிலே பின்னிக் கிடப்பதை, தமிழ் வழியிலே படித்து வந்த பிள்ளை எப்படி அவிழ்க்கும்? விண்ணப்பத்துக்கு மாநாட்டுத் தேதிக்கு முன்னே விடை வரவேண்டும். கல்யாணம் முடிந்தபின் வரும் மேளத்தால் யாருக்கு என்ன பயன்? கம்பெனியோ இராணுவமோ பணம் கொடுக்கும் ஆராய்ச்சியானால், எது வெளியே சொல்லக் கூடாதது என்பதை முதல் நாளே மாணவனிடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படிவத்திலே மாணவியின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நிர்வாகம் ஒதுங்கக் கூடாது. பக்கத்திலே நிர்வாகத்தின் கையெழுத்தும் விழ வேண்டும். பெருமை வரும்போது 'எங்கள் கல்லூரி', பிழை வரும்போது 'உன் தவறு' என்ற வழக்கம் ஒழியவேண்டும்!

மில்லிலே பாதுகாப்புக் கவசம் இல்லாமல் எந்திரத்தின் அருகே தொழிலாளியை நிறுத்தி, கை போனபின் "அவன் கவனக்குறைவு" என்று எழுதும் முதலாளியைப் பார்த்திருக்கிறோம். விதியைச் சொல்லிக் கொடுக்காமல் ஆராய்ச்சியாளரைக் கடல் கடந்து அனுப்புவதும் அதே கதைதான். கவசம் கொடு, பிறகு கவனம் கேள்!

நாம் இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது, அமராவதி நகர்த் தோழர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அப்ப அந்தப் பாரத்த எழுதிக் குடுக்கச் சொல்றனுங்க. ஆனா காலேசுக்காரர் கையெழுத்தும் போடாம வாங்கமாட்டம்னு சொல்லச் சொல்றனுங்க."

அதுதான், தோழர்களே, முப்பதாண்டு சங்கத்திலே இருந்தவரின் அறிவு! அதற்கு எந்தச் சுங்கச் சாவடியிலும் தடை இல்லை. அதை மட்டும் ஊரெங்கும் ஏற்றுமதி செய்வோம்!